ஒரே ஒரு புரதத்தை ஒழுங்காகப் பார்ப்பது எப்படி?

புரதங்களைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். முதல்நிலை அமைப்பு, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று நான்கு வரையறைகளையும் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அப்புறம் யாராவது 'ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் எங்கே போய் ஒட்டுகிறது, காட்டு பார்க்கலாம்' என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான். முதுகலை முடிக்கும்வரை நானும் அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பது புரதங்களை மேலோட்டமாகத் தெரிந்துகொள்வதைவிட ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. இங்கே எடுத்துக்கொள்ளப் போவது ஹீமோகுளோபின். உங்கள் ரத்தத்தில் ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. தேவையானவை: கணினி, இணையம், மவுஸ், ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம். மென்பொருள் எதையும் இறக்க வேண்டாம், காசும் வேண்டாம். கைபேசியிலும் பார்க்கலாம்தான், ஆனால் விரலால் ஒரு அணுவைக் குறிபார்த்துத் தொடுவது பெரும்பாடு.

முதல் படி: கிடங்குக்குப் போங்கள்

இதுவரை வடிவம் கண்டறியப்பட்ட புரதங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே கிடங்கில் இருக்கின்றன. பெயர் புரோட்டீன் டேட்டா பேங்க், சுருக்கமாகப் பிடிபி. 1971-இல் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே ஏழு கட்டமைப்புகள். இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். தேடுபொறியில் 'ஆர்சிஎஸ்பி பிடிபி' என்று தேடினால் அமெரிக்கப் பிரிவின் தளம் முதலில் வரும்.

ஒவ்வொரு கட்டமைப்புக்கும் நான்கு குறிகள் கொண்ட ஒரு எண் உண்டு, வண்டி நம்பர் மாதிரி. நமக்கு வேண்டியது 4எச்எச்பி (4HHB). தேடல் பெட்டியில் 4 என்ற இலக்கத்தையும் எச், எச், பி என்ற ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விடாமல் அடியுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பிரச்சினை இல்லை.

'ஹீமோகுளோபின்' என்றே தேடினால் என்ன என்று தோன்றலாம். நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். மீனின் ஹீமோகுளோபின், குதிரையினுடையது, மருந்து ஒட்டியது, மரபுப் பிறழ்வு உள்ளது என்று. புதிதாக வருபவர்கள் அங்கேயே களைத்துப் போய்விடுவார்கள். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போவதே நல்லது.

இரண்டாம் படி: படத்தைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயம் படியுங்கள்

எண்ணை அடித்ததும் ஒரு சுருக்கப் பக்கம் வரும். சுழலும் படத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். நோட்டில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த உயிரினத்தின் புரதம், எந்த முறையில் கண்டறிந்தார்கள், எவ்வளவு நுணுக்கம்.

4எச்எச்பி மனிதனுடையது. எக்ஸ் கதிர்ப் படிகவியல் முறையில், அதாவது புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கண்டது. நுணுக்கம் 1.74 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இரண்டு கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பில் நிற்கும் தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம். அதை வைத்துப் பார்த்தால் 1.74 என்பது எவ்வளவு கூர்மை என்று புரியும். இந்த எண் சின்னதாக இருந்தால் படம் தெளிவு. 3-க்கு மேலே போனால் அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி எப்படி ஓடுகிறது என்பதை நம்பலாம், ஆனால் ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் கிளைத்து நீளும் பக்கச்சங்கிலி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதில் சற்று ஜாக்கிரதை வேண்டும்.

தலைப்பில் 'டீஆக்ஸி' என்று ஒரு சொல் இருக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்டு வெறுங்கையோடு நிற்கும் ஹீமோகுளோபின் என்று பொருள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அதே பக்கத்தில் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் சில பட்டைகள் உண்டு. கட்டமைப்பின் தரத்தைக் காட்டுபவை. குறி நீலத்தின் பக்கம் இருந்தால் நல்லது. பழைய கட்டமைப்புகள் சில அளவுகளில் சிவப்புப் பக்கம் சாய்வது வழக்கம்தான். அந்தப் பட்டைகளில் ஒன்றின் பெயரைப் பாருங்கள்: ராமச்சந்திரன். அவரிடம் பிறகு வருவோம்.

மூன்றாம் படி: திருப்புங்கள், எண்ணுங்கள்

முப்பரிமாணப் பார்வையைத் திறந்தால் மால்ஸ்டார் என்ற காட்டி உலாவிக்குள்ளேயே இயங்கும். இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் மூலக்கூறு சுழலும். சக்கரத்தை உருட்டினால் கிட்டத்தில் வரும், தள்ளிப் போகும். வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் இடம் நகரும். வழி தவறி எங்கோ வெற்று வெளியில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம், பழைய பார்வைக்குத் திரும்ப ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது.

முதலில் தெரிவது நான்கு நிறத்தில் பின்னிக் கிடக்கும் ரிப்பன்கள். பொதுவாக எல்லாரும் செய்யும் முதல் தவறு, புரதம் நிஜமாகவே ரிப்பன் மாதிரி இருக்கும் என்று நினைப்பது. ரிப்பன் ஒரு வரைமுறை, அவ்வளவுதான். 1981-இல் ஜேன் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கையால் வரைந்து பரப்பிய பாணி அது. நிறமும் நாம் பூசுவதுதான். நிஜத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, திருவிழா நாள் பேருந்து மாதிரி நெருக்கியடித்து நிற்கின்றன. நம்பிக்கை வராவிட்டால் காட்சி முறையை 'மேற்பரப்பு' என்று மாற்றிப் பாருங்கள். உருளைக்கிழங்கு போல ஒரு கட்டி வரும். அதுதான் உண்மைக்கு நெருக்கம். உள்ளே இருப்பதைப் பார்க்கத்தான் ரிப்பன்.

இப்போது எண்ணுங்கள். நான்கு நிறம், நான்கு சங்கிலி: ஏ, பி, சி, டி. ஏ-யும் சி-யும் ஆல்ஃபா வகை, ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலங்கள். பி-யும் டி-யும் பீட்டா வகை, 146. நான்கு சங்கிலிகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும் ஹீமோகுளோபின். நான்காம் நிலை அமைப்பு என்று மனப்பாடம் செய்தீர்களே, அது இந்த நாலு நிறக் கூட்டுக்குடும்பம்தான். மேலே ஓடும் எழுத்து வரிசை, ஒரு எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம், அதுதான் முதல்நிலை. அந்த எழுத்துகளில் ஒன்றைத் தொட்டால் கீழே மூலக்கூறில் அந்த இடம் ஒளிரும்.

ஒரு சங்கிலியை மட்டும் உற்றுப் பாருங்கள். எங்கு பார்த்தாலும் சுருள், சுருள், சுருள். ஆல்ஃபா சுருள். பீட்டா சங்கிலியில் எட்டு சுருள்கள், ஏ முதல் எச் வரை பெயர் வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா சங்கிலியில் டி சுருள் கிடையாது, ஏழுதான். நீங்கள் எண்ணும்போது ஒன்றிரண்டு கூடக்குறைய வரலாம். சுருள் எங்கே முடிகிறது என்று கணினி போடும் கணக்கு சற்று மாறும்.

இந்தச் சுருளைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமானது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சளிப் பிடித்துப் படுத்துக் கிடந்த அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங், பொழுது போகாமல் ஒரு காகிதத்தில் சங்கிலியை வரைந்து மடித்து மடித்துப் பார்த்திருக்கிறார். 1951-இல் வெளியிட்டார்: ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றும் தனக்கு நான்கு தள்ளி நிற்பதோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. சுருளில் ஏதாவது ஒரு இடத்தைக் கிளிக் செய்தால் சுற்றியுள்ள அணுக்கள் குச்சியும் உருண்டையுமாக விரியும், நடுவே புள்ளிக்கோடுகள் தெரியும். சுருளைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பவை இத்தகைய பிணைப்புகள்தான். தனித்தனியாக வலுவற்றவை. முட்டையை வேகவைக்கும்போது அறுவதும் இவை போன்ற பலவீனமான பிடிப்புகள்தான். சங்கிலி துண்டாவதில்லை, மடிப்பு கலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது.

நிற்க. படத்தில் ஹைட்ரஜன் அணு ஒன்றையும் காணோமே என்று யாராவது கேட்டால் மகிழ்வேன். அவ்வளவு சின்ன அணுவை இந்த நுணுக்கத்தில் எக்ஸ் கதிர் காட்டாது. தண்ணீர் மூலக்கூறும் ஒற்றைச் சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், ஆக்சிஜன் மட்டும்.

நான்காம் படி: இரும்பைத் தேடுங்கள்

ஒவ்வொரு சங்கிலியின் பள்ளத்திலும் தட்டையாக ஒரு தட்டு செருகியிருக்கும். அதுதான் ஹீம். அதை கிளிக் செய்து கிட்டத்தில் கொண்டுவாருங்கள். நடுவில் ஒரு இரும்பு அணு, அதை நான்கு பக்கமும் பிடித்திருக்கும் நீல நிற நைட்ரஜன்கள். ஐந்தாவது பிடி கீழிருந்து வருகிறது: ஒரு ஹிஸ்டிடின். ஏ சங்கிலியில் அதன் எண் 87, பி சங்கிலியில் 92. மவுஸை அதன்மேல் வைத்தால் ஓரத்தில் பெயரும் எண்ணும் எழுதி வரும். எதிர்ப்புறம் இன்னொரு ஹிஸ்டிடின் சற்றுத் தள்ளி நிற்கும், ஏ-யில் 58, பி-யில் 63. இரும்புக்கும் அதற்கும் நடுவில் உள்ள இடுக்குதான் ஆக்சிஜன் வந்து உட்காரும் இடம். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

இப்போது தட்டை மெதுவாகத் திருப்பி, விளிம்பிலிருந்து பாருங்கள், கண் மட்டத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிப் பிடித்தது போல. இரும்பு தட்டின் தளத்தில் சரியாக இல்லை, ஹிஸ்டிடின் 87-ஐ நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். விலகல் அரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு. இந்தக் கோணம் அகப்பட எனக்கு முதல் முறை கால் மணி நேரம் ஆனது, உங்களுக்கும் ஆகலாம்.

அடுத்து இன்னொரு தாவலில் 1எச்எச்ஓ-வை (1HHO, கடைசியில் இருப்பது பூஜ்யம் அல்ல, எழுத்து) திறங்கள். அதே மனித ஹீமோகுளோபின், ஆனால் ஆக்சிஜன் ஏறியது. அதே விளிம்புக் கோணத்தில் பாருங்கள். இரும்பு தட்டுக்குள் இறங்கி வந்திருக்கும். இறங்கும்போது தன்னைப் பிடித்த ஹிஸ்டிடினையும் இழுத்திருக்கிறது. அந்த ஹிஸ்டிடின் எஃப் சுருளில் இருப்பதால் சுருளும் நகர்கிறது, சுருள் நகர்ந்ததால் பக்கத்துச் சங்கிலியோடு இருந்த தொடர்பு மாறுகிறது, கடைசியில் ஒரு ஆல்ஃபா பீட்டா ஜோடி மற்ற ஜோடியைப் பொறுத்து ஏறக்குறைய 15 பாகை திரும்பிவிடுகிறது. ஒரு இடத்தில் ஆக்சிஜன் ஏறியதும் மற்ற இடங்களில் ஏறுவது சுலபமாவது இதனால்தான். நுரையீரலில் சட்டென்று நிரம்பி, திசுக்களில் சட்டென்று இறக்கிவிட்டுப் போகிறது. மாக்ஸ் பெருட்ஸ் 1937-இல் இந்த மூலக்கூறைத் தொட்டவர், முதல் வடிவத்தை வெளியிட 1960 ஆனது. 1962-இல் நோபல் பரிசு, மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் வடிவத்தைக் கண்ட ஜான் கென்ட்ருவோடு சேர்த்து.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் தலைகுப்புற விழுந்த பள்ளம். 1எச்எச்ஓ கோப்பின் மூலத்தில் இருப்பவை இரண்டே சங்கிலிகள். அதைப் பார்த்துவிட்டு 'ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபின் இரண்டாக உடைகிறது' என்று ஒரு கருத்தரங்கில் படத்தோடு விளக்கிவிட்டேன். பின்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'தம்பி, அசெம்பிளியை மாத்திப் பாரு' என்றார். நடந்தது இதுதான்: படிகத்துக்குள் மூலக்கூறின் இரு பாதிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், கோப்பில் ஒரு பாதியை மட்டும் எழுதிவிட்டு மீதியை எப்படிச் சுழற்றிப் பெறுவது என்று குறிப்பு வைத்துவிடுவார்கள். கோலத்தில் கால்பாகத்தைப் போட்டுவிட்டு மீதியும் இதேதான் என்று சொல்வது போல. காட்டியின் வலப்பக்கப் பட்டியில் 'அசெம்பிளி 1' தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் நான்கும் தெரியும். எந்தப் புரதத்தைத் திறந்தாலும் முதலில் இதைச் சரிபார்ப்பது இன்று எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஐந்தாம் படி: ஒரே ஒரு எழுத்தை மாற்றினால்?

4எச்எச்பி-க்குத் திரும்புங்கள். நிறத்தை 'நீர்வெறுப்பு' அளவுப்படி மாற்றுங்கள், நிறப் பட்டியலில் ஹைட்ரோஃபோபிசிட்டி என்று இருக்கும். எண்ணெய் மாதிரி தண்ணீரோடு சேராத அமினோ அமிலங்கள் பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருப்பதும், தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளிப்பக்கம் இருப்பதும் தெரியும். சங்கிலி மடிவதற்கு இந்த ஒளிந்துகொள்ளும் குணம் பெரிய காரணம்.

இப்போது பி சங்கிலியில் 6-ஆம் இடத்தைத் தேடுங்கள். குளூட்டமிக் அமிலம். மின்னேற்றம் உள்ளது, தண்ணீரோடு நட்பு, வெளிப்பக்கத்தில் நிம்மதியாக நிற்கிறது. இந்த ஒன்று மட்டும் வேலின் என்ற எண்ணெய்த்தன்மை உள்ள அமிலமாக மாறினால் அரிவாள் செல் சோகை. இதை மூலக்கூறு நோய் என்று 1949-இல் பாலிங் குழு சொன்னது. எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சில ஆண்டுகளில் கண்டுபிடித்தவர் வெர்னன் இங்கிராம். இந்தியாவில் இந்தப் பண்பு முதன்முதலில் பதிவானது நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம், 1952-இல்.

எப்படி ஒரு எழுத்து இவ்வளவு கெடுக்கும்? 2எச்பிஎஸ் (2HBS) திறங்கள், அந்த வேலின் ஏறிய ஹீமோகுளோபின். இதில் இரண்டு முழு ஹீமோகுளோபின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், மொத்தம் எட்டுச் சங்கிலி, நான்கு பீட்டா. ஒவ்வொரு பீட்டாவிலும் 6-ஆம் இடத்தை கிளிக் செய்துகொண்டே போங்கள். ஒன்று மட்டும் பக்கத்து மூலக்கூறின் ஒரு குழிக்குள் போய் அமர்ந்திருக்கும். அந்தக் குழியில் இருப்பவை பீட்டாவின் 85-ஆம் இடத்து ஃபீனைல்அலனினும் 88-ஆம் இடத்து லியூசினும். இரண்டுமே எண்ணெய் இனம். இனம் இனத்தோடு சேர்ந்துகொண்டது. ஒன்றைப் பிடித்து இன்னொன்று, அதைப் பிடித்து வேறொன்று என்று சரம் நீண்டு, சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய வடிவத்தில் இந்தக் குழி சரியாக வாய்க்காது. அதனால்தான் ஆக்சிஜன் குறையும் இடத்தில் செல் வளைகிறது. நான்காம் படியில் பார்த்த அசைவின் இன்னொரு முகம் இது.

எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மரபணுத் தரவுத்தளங்களில் இதே இடத்தை 7 என்று குறித்திருப்பார்கள். சங்கிலி உருவாகும்போது முதலில் இருக்கும் மெத்தியோனின் பிறகு வெட்டப்பட்டுவிடும். அதையும் சேர்த்து எண்ணினால் 7, விட்டுவிட்டு எண்ணினால் 6. இரண்டும் சரி.

ஆறாம் படி: சென்னைக் கோணம்

அந்த ராமச்சந்திரன் பட்டைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் ஒரு கேள்வி கேட்டார்கள். அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு அட்டைபோல விறைப்பானது, திரும்பாது. பக்கச்சங்கிலியை விட்டுவிட்டால், ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் திரும்பக்கூடியவை இரண்டே மூட்டுகள். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் அந்த இரண்டையும் எவ்வளவு திருப்பலாம்? விடையைப் படமாகப் போட்டால், பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட நிலம், நடுவே சில தீவுகள். ஆல்ஃபா சுருள் ஒரு தீவில், நீட்டி விரிந்த இழைகள் பக்கம் பக்கமாக அடுக்கிய பீட்டா தகடு இன்னொரு தீவில். அறுபது ஆண்டு கழித்தும், புதிதாக யார் ஒரு புரத வடிவத்தைத் தந்தாலும் இந்தப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கிறார்கள். தீவுக்கு வெளியே நிறைய புள்ளிகள் விழுந்தால் எங்கோ தப்பு.

விதிவிலக்கு கிளைசின். பக்கச்சங்கிலி என்று அதற்கு இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன், அதனால் மற்றவை போக முடியாத இடத்துக்கெல்லாம் போகும். இதன் பலன் என்ன என்று பார்க்க 1சிஏஜி-யைத் திறங்கள். கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் மாதிரியில் செய்த சிறு துண்டு. மூன்று இழை முறுக்கிய கயிறு, முப்புரி என்று நம் மொழியில் தயாராகவே சொல் இருக்கிறது. இந்த மூவிழை அமைப்பையும் 1954-இல் முன்வைத்தவர் ராமச்சந்திரன்தான், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து. ஒரு இழையில் எழுத்துகளை எண்ணிக்கொண்டே போங்கள்: மூன்றுக்கு ஒன்று கிளைசின். கயிற்றின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. இந்தத் துண்டில் வேண்டுமென்றே ஒரு கிளைசினை அலனினாக மாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் முறுக்கு சற்றுத் தளர்ந்து உப்பியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் எலும்பின் கொலாஜனில் இப்படிக் கிளைசின் மாறிப்போனால் எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் வரும்.

மற்றவை, சுருக்கமாக

டிஎன்ஏ பார்க்க வேண்டுமானால் 1பிஎன்ஏ (1BNA). 12 ஜோடி, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய பள்ளம், சின்னப் பள்ளம் இரண்டையும் அடையாளம் கண்டால் போதும். சர்க்கரைகளை மால்ஸ்டார் வண்ண உருண்டை, கனசதுரம் என்று குறியீடாகக் காட்டும், பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆல்ஃபாஃபோல்டு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. எழுத்து வரிசையைக் கொடுத்தால் வடிவத்தை ஊகித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு. 2024 வேதியியல் நோபல் பரிசில் அதற்கும் பங்கு உண்டு. அருமையான கருவிதான். ஆனால் அதன் தரவுத்தளத்தில் பீட்டா சங்கிலியை எடுத்துப் பாருங்கள். சங்கிலி ஒற்றையாக நிற்கும், ஹீம் இருக்காது, கூட்டாளிகள் மூவரும் இருக்க மாட்டார்கள், நமது 6-ஆம் இடம் 7 ஆகியிருக்கும். அடர்நீலம் நம்பலாம், ஆரஞ்சு நிறப் பகுதியை நம்பாதீர்கள். தொடக்கத்திலேயே அதற்குப் போகாமல், சோதனையில் கண்ட வடிவங்களைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் போவதே உத்தமம்.

கடைசியாக ஒரு பயிற்சி. 4ஐஎன்எஸ் திறங்கள். பன்றியின் இன்சுலின், டோரதி ஹாட்ஜ்கின் பல ஆண்டுகள் உழைத்த மூலக்கூறு. ஏ சங்கிலியில் 21 அமினோ அமிலங்கள், பி சங்கிலியில் 30. கந்தக அணுக்கள் மஞ்சளாகத் தெரியும். மூன்று கந்தகப் பாலங்களைக் கண்டுபிடியுங்கள்: ஏ-யின் 7-க்கும் பி-யின் 7-க்கும் ஒன்று, ஏ-யின் 20-க்கும் பி-யின் 19-க்கும் ஒன்று, ஏ-க்குள்ளேயே 6-க்கும் 11-க்கும் ஒன்று. அப்புறம் பி-யின் 30-ஆம் இடத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அலனின் என்றால் சரியாக வந்திருக்கிறீர்கள். மனித இன்சுலினில் அந்த இடத்தில் திரியோனின், இரண்டுக்கும் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். கோப்பில் இரண்டு இன்சுலின்தானே இருக்கிறது, கணையத்தில் ஆறாறாகச் சேர்ந்திருக்கும் என்று படித்தோமே என்ற சந்தேகம் வந்தால், என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.